பில்லும் பிராங்கும்: கேமா, தொடரா?

நோய்த்தொற்றில் உலகம் சிதைந்த பிறகு நடக்கும் கதையான 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013 வீடியோ கேமை வெள்ளவத்தையில் சித்தி மகனின் அறையில் இருந்து விளையாடியபோது, அதில் வரும் பில் நேசித்தது ஓர் ஆணை என்பதே எனக்குப் பிடிபடவில்லை. அவன் காதலன் பிராங்கை உயிரோடு பார்க்கவே முடியாது. தூக்கில் தொங்கும் உடலும், பில்லை வெறுத்து எழுதிய கடிதமும்தான் இருக்கும், அந்தக் கடிதத்தையும் கவனிக்காமல் கடந்துபோனால் கதை அவ்வளவுதான்.

அந்தக் கேமை வைத்து எடுத்த 2023 தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் அத்தியாயம் இதற்கு நேர்மாறு. பில்லாக நிக் ஆஃபர்மனும் பிராங்காக மரே பார்ட்லெட்டும் சேர்ந்தே வயதாகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். துப்பாக்கியைக் கொடுத்து வாங்கிய விதையில் காய்த்த ஸ்ட்ராபெரியைக் கடித்ததும் பில் சின்னப் பிள்ளைபோலச் சிரிப்பான், அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன்பாலின உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவுக்குப் பயந்து வளர்ந்த நமக்கு, இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் நிம்மதியாகக் கிழவர்களாவதைப் பார்ப்பது சின்ன விஷயமில்லை.

சித்தி மகன் ஒத்துக்கொள்ளமாட்டான், கசந்துபோன காதலும் காதல்தானே என்பான். சரி, 2014இல் வந்த 'லெஃப்ட் பிஹைண்ட்' என்ற கூடுதல் பகுதிக்காகக் கேமை நானும் விடமாட்டேன். கேமின் நாயகி எல்லி தன் தோழி ரைலியை முத்தமிடும் வரை அவளாகவே நடந்து, ஓடி, விளையாடியது நம் கைகள் அல்லவா? ஆனால் பில்லுக்கு எனக்குத் தொடர்தான்.