ரெஃப்செட்னு சொல்லி எக்ஸல் ஷீட்ட வித்துட்டாங்க, கடற்கரைப் பக்கம் கிளினிக் வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க

கீழக்கரைப் பக்கத்துல ஒரு சின்ன கிளினிக்ல ரெக்கார்டு வேலை பாக்குறேன். ஏர்வாடி, பெரியபட்டணம், வாலிநோக்கம் வரைக்கும் ஆளுங்க வருவாங்க, பாதிப் பேருக்கு கடல் தொழில்தான். எங்களுக்கு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்த கம்பெனி பேரை இங்க எழுதல, ஆனா அவங்க செஞ்சத அப்படியே எழுதுறேன்.

எங்க டாக்டரம்மா கேட்டது ஒண்ணுதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில கிடக்கும், ஆம்பளைங்க வீட்ல இருப்பாங்க, அந்த நேரத்துல சுகர் இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு வரவழைச்சு ரத்தமும் காலும் பாத்துரணும், ஏன்னா திரும்ப தொழிலுக்குப் போயி திருக்கை முள்ளு குத்திருச்சுன்னா சுகர்காரங்களுக்கு அந்தப் புண்ணு லேசுல ஆறாது. இதுக்கு லிஸ்ட் வேணும். ஸ்நோமெட் சிடின்னா நோய், மருந்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுத்து கம்ப்யூட்டர்ல பதியிறதுக்கான உலகப் பொதுத் தொகுப்பு, அந்த நம்பரத்தான் கோடு (code)ன்னு சொல்றோம். அதுல மூணரை லட்சத்துக்கு மேல கோடு கிடக்கு, அதுல நமக்கு வேணுங்கிறத மட்டும் பிரிச்சு ஒரு பேர்ல கட்டி வெக்கிறதுதான் ரெஃப்செட். சுகர் நோய்க்கு ஒண்ணு, சுகர் மாத்திரைக்கு ஒண்ணுன்னு ரெண்டு கேட்டோம்.

பில்லு வந்துச்சு. ஸ்நோமெட் லைசென்ஸ் 45,000, ரெஃப்செட் ரெண்டுக்கும் சேத்து 30,000, வருஷப் பராமரிப்பு 12,000. பராமரிப்பு போக மிச்சத்துல பாதிய முன்பணமா கட்டினோம்.

முதல்ல இந்த லைசென்ஸ் விஷயம். இந்தியா 2014லயே ஸ்நோமெட்ல உறுப்பு நாடு ஆயிருச்சு, இங்க பயன்படுத்துறதுக்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது, பதிவு பண்ணி வாங்கிக்கணும் அவ்வளவுதான். மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் சி-டாக், அதுல புனேல இருக்கிற தேசிய மையம்தான் இங்க இதப் பாத்துக்குது. இது தெரியாம போனதுக்கு விலை 45,000ன்னு பில்லு போட்டுட்டாங்க.

காசை விட பெரிய விஷயம் ஒண்ணு நடந்துச்சு. தடைக்காலத்துல லிஸ்ட் எடுத்தோம், 63 பேரு வந்துச்சு, நம்பி 63 பேருக்கும் போன் போட்டோம். ஜூன் கடைசில நம்ம பழைய பேஷண்ட் ஒருத்தர், எல்லாரும் காக்கான்னு, அதாவது அண்ணன்னு, கூப்பிடுவோம், கால் வீங்கி பேரன் தோளப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. தடை முடிஞ்சு முத நாள் போனப்பவே முள்ளு குத்திருக்கு. "ஏம்மா, எல்லாருக்கும் போன் போட்டீங்களாம், எனக்கு மட்டும் போடலையே"ன்னு கேட்டாரு. ராம்நாட்டுக்கு அனுப்பினோம், ஒரு விரலை எடுத்துட்டாங்க. அன்னிக்கி ராத்திரி கைநோட்டை எடுத்து வெச்சு ஒவ்வொரு பேரா எண்ணினேன், சுகர் பேஷண்ட் மொத்தம் 212 பேரு.

காரணம் என்னன்னா அவங்க ரெஃப்செட்டுல 73211009ன்னு ஒரே ஒரு கோட போட்டு விட்டுட்டாங்க. அது பொதுவா டயாபடீஸ் மெலிடஸ். காக்காவுக்கு டாக்டரம்மா பதிஞ்சது டைப் 2, அது 44054006, மேல சொன்ன கோடுக்குக் கீழ வர்ற பிள்ளைக் கோடு. கீழ உள்ளதெல்லாம் சேத்துதான் எடுக்கணும், ஸ்நோமெட்ல கோடுகளத் தேடி எடுக்க எழுதுற மொழியான இசிஎல்லுல லெஸ் தேன் குறி (<) ரெண்டு போட்டு அந்தக் கோட எழுதினா அதுவும் அதுக்குக் கீழ உள்ள எல்லாமும் வந்துரும், ஒரு வரி வேலை. அதுலயும் இன்னொண்ணு இருக்கு, சுகரால வந்த கால்புண் மாதிரி கோடெல்லாம் இதுக்குக் கீழ வராது, அது வேற கிளை, தனியா சேக்கணும். இது எதையுமே செய்யல.

மாத்திரை ரெஃப்செட் இன்னும் மோசம். நம்ம நாட்டு மருந்துக் கோடெல்லாம் ஸ்நோமெட்டோட நம்ம நாட்டுக்குன்னு சேத்த பகுதியான இந்திய எக்ஸ்டென்ஷன்ல வருது, ஐடி, அதாவது கோடு நம்பர், நீளமா இருக்கும். இவங்க அத எக்ஸல்ல நம்பரா ஒட்டிருக்காங்க. எக்ஸல் 15 இலக்கத்துக்கு மேல இருக்கிறத பூஜ்யமாக்கிரும். ஸ்நோமெட் ஐடில கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், அது மாறினா அந்த ஐடியே செல்லாது. நான் பாத்த நீள ஐடி அத்தனையும் பூஜ்யத்துல முடியுது, ஒண்ணு கூட தேடினா கிடைக்கல.

போன் போட்டுக் கேட்டா, "மேடம், டயாபடீஸ் கேட்டீங்க, டயாபடீஸ் போட்டுருக்கோமே"ங்கிறாங்க. சரி, எங்க ரெஃப்செட்ட ஃபைலா குடுங்கன்னு கேட்டேன். எக்ஸ்போர்ட் தனி மாட்யூலாம், 20,000 ஆகுமாம். லிஸ்ட்டுல இருந்து ஒரு கோட எடுக்கச் சொன்னப்ப அந்த வரியவே அழிச்சிருக்காங்க. ஸ்நோமெட் ஃபைலுக்கான முறை ஆர்எஃப்2, அதுல அழிக்கவே கூடாது, ஆக்டிவ்ங்கிற பத்தியில (column) 0 போட்டு புதுத் தேதியோட இன்னொரு வரி சேக்கணும், அப்பத்தான் எப்ப இருந்துச்சு எப்ப எடுத்தோம்னு பின்னால தெரியும். சர்வதேச ரிலீஸ் 2022ல இருந்து மாசாமாசம் வருது, ஒவ்வொண்ணுலயும் சில கோடு செயலிழக்கும், அதுக்குப் பதில் எதுன்னு அதுலயே தனி ரெஃப்செட்டு இருக்கு. எங்களோடத யாரும் ஒரு தடவை கூட திறந்து பாக்கல.

இப்ப மிச்சப் பணம் கட்டல, டாக்டரம்மா எழுத்துல கேட்டுருக்காங்க, பதில் இல்ல. நானும் மதுரையில இதே வேலையில இருக்கிற அத்தை மகனும் சேந்து ஸ்நோமெட் கோடு தேடுற இலவச பிரவுசர்ல பாத்து பாத்து லிஸ்ட்ட மறுபடி கட்டுறோம், ஐடி பத்திய டெக்ஸ்டா வெச்சு. விடுபட்ட 149 பேர்ல 90 பேருக்கு இது வரைக்கும் போன் போட்டாச்சு.

யாராவது ரெஃப்செட் செஞ்சு தர்றேன்னு வந்தா முன்பணம் குடுக்குறதுக்கு முன்னாடி ஆறு பத்தி (column) உள்ள ஆர்எஃப்2 ஃபைல் கையில தருவீங்களான்னு கேளுங்க, டைப் 2 பேஷண்ட் ஒருத்தர கண்ணு முன்னால பதிஞ்சு லிஸ்ட்டுல வர வெக்கச் சொல்லுங்க. பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் இருக்கவங்க யாருக்காவது லைசென்ஸ் 45,000னு கொட்டேஷன் வந்திருந்தா கையெழுத்து போடாம எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க, எங்க பில்லு காப்பிய அனுப்புறேன்.