ஏஎஃப் என்று பொறித்திருந்தாலும் உங்கள் கேமராவில் ஆட்டோஃபோகஸ் ஆகாத லென்ஸ்கள்: ஓர் எச்சரிக்கை

நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமரா வைத்திருப்பவர்கள் பழைய லென்ஸ் வாங்கும் முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். என்னிடம் இருப்பது டி5600. ஆட்களைப் படம் எடுப்பதற்காக, பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில் ஏஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸைக் கேட்டேன். “உங்கள் கேமராவில் ஆட்டோஃபோகஸ் நன்றாக வேலை செய்யும்” என்று உறுதி கூறி விற்றார்கள். அது பொய். அந்த லென்ஸுக்குள் ஃபோகஸைத் தானாக நகர்த்தும் மோட்டார் கிடையாது. கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும், டி5600இல் அந்த மோட்டாரே இல்லை.

கடையில் சோதித்துக் காட்டிய விதம்தான் என்னை இன்னும் வருத்துகிறது. லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் (மிகத் தொலைவில்) வைத்து, ஒளி நுழையும் துவாரத்தை எஃப்/8 அளவுக்குச் சிறிதாக்கி, தொலைவிலுள்ள கட்டடங்களை எடுத்தார்கள். அப்படி எடுத்தால் ஏறக்குறைய 16 மீட்டருக்கு அப்பால் உள்ளவை எல்லாம் தெளிவாகவே விழும் என்பதால், ஃபோகஸ் நகர்ந்ததா என்பதே தெரியாது. ஃபோகஸ் சரியாக விழுந்ததைக் காட்ட வியூஃபைண்டரில் எரிந்த பச்சைப் புள்ளியையும் சான்றாகக் காட்டினார்கள். கையால் ஃபோகஸ் செய்தாலும் அது எரியும்.

எங்கள் வீட்டுக் காதணி விழாவில் உண்மை வெளிப்பட்டது. துவாரத்தை முழுதாகத் திறந்த எஃப்/1.8இல், ஒன்றரை மீட்டர் தூரத்தில், தெளிவாக விழும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான். தாய்மாமன் மடியில் திமிறிக்கொண்டிருந்த குழந்தையைக் கையால் ஃபோகஸ் செய்து பிடிக்க முடியவில்லை. மறுபடி எடுக்கவே முடியாத படங்கள் அவை.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ‘ஏஎஃப் ஃபைன் ட்யூன்’ (ஆட்டோஃபோகஸில் உள்ள சிறு பிழையைக் கேமரா மெனுவில் திருத்துவது) செய்வதாகச் சொல்லி மேலும் 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். டி5600இன் மெனுவில் அப்படியொரு வசதியே கிடையாது.

முக்காலியில் வைத்து, லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்து, இயற்கைக் காட்சிகளைக் கையால் ஃபோகஸ் செய்து எடுப்பவருக்கு இது நல்ல லென்ஸ்தான். ஆட்டோஃபோகஸ் வேண்டுமென்றால் ஏஎஃப்-எஸ் என்று பொறித்ததைக் கேளுங்கள்; டி5600 போன்ற புதிய மாடல்களுக்கு ஏஎஃப்-பி என்று பொறித்ததும் ஆகும், டி3000, டி5000 போன்ற பழையவற்றுக்கு ஆகாது. லென்ஸின் பின்புற உலோக வளையத்தில் பிளவுள்ள சிறு திருகு இருந்து, கேமராவின் வளையத்தில் அதைச் சுழற்றும் முனை இல்லையென்றால் வாங்காதீர்கள். பழைய லென்ஸைப் பொருத்த உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு, நிக்கானின் கண்ணாடியற்ற (மிரர்லெஸ்) இசட் கேமராவில் மாட்டினாலும் இந்த லென்ஸ் தானாக ஃபோகஸ் ஆகாது. கடையிலேயே, லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, அருகில் நிற்பவர் முகத்தையும் தொலைவையும் மாறி மாறி எடுத்துப் பாருங்கள். கேமராவின் மாடலைக் குறிப்பிட்டு, ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளித்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை.