பழைய ரேக் சர்வரோடு 3 வருஷம்

அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒரு 2யூ ரேக் சர்வர் (ரேக் சட்டத்தில் மாட்டும் தட்டையான சர்வர்), ஒரு 24 போர்ட் சுவிட்ச், இரண்டு வைஃபை ரவுட்டர்கள். இவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து 3 வருஷம் ஆகிறது. எல்லாமே இன்னும் உழைக்கின்றன. ஆனால் சர்வருக்கு நான் முதலில் நினைத்த வேலை வேறு.

புராக்ஸ்மாக்ஸ் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, நாள் முழுக்க ஓடவிட்டு, எல்லாவற்றையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மீட்டர் மாட்டிப் பார்த்தால் சும்மா இருக்கும்போதே 140 வாட். ஒரு நாளைக்கு 3.36 யூனிட், வருஷத்துக்கு 1,200 யூனிட்டுக்கு மேல். சரி, குறைத்துப் பார்ப்போம் என்று இரண்டு பிராசசரில் ஒன்றைக் கழற்றினேன். அதோடு சேர்ந்த மெமரி ஸ்லாட்டுகளும் செயலிழக்கும் என்பதால் 48 ஜிபி, 24 ஆனது. இரண்டாவது பவர் சப்ளையையும் எடுத்தேன். 95 வாட்டுக்கு இறங்கியது. அப்போதும் நாள் முழுக்க ஓடவிட மனம் வரவில்லை.

அப்புறம்தான் அதை பேக்கப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். தினசரி வேலைகளை ஒரு சின்ன மினி பிசி பார்த்துக்கொள்கிறது. ஞாயிறு விடியற்காலையில் அது ஐபிஎம்ஐ (சர்வரைத் தூரத்திலிருந்தே இயக்கவும் அணைக்கவும் உதவும் வசதி) வழியாக சர்வரை எழுப்பும், வாரத்தின் கோப்புகளை அனுப்பும், முடிந்ததும் அணைத்துவிடும். இதில் எனக்கு முழுத் திருப்தி. பிழைகளைத் தானே திருத்தும் இசிசி மெமரி, எட்டு டிஸ்க் போடும் இடம், தரவு கெட்டால் கண்டுபிடிக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை: பேக்கப்புக்கு இதைவிட நல்ல பெட்டி வேறென்ன வேண்டும்? ஒன்று மட்டும் கவனியுங்கள். கூடவே வரும் ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் கார்டு) சில சமயம் டிஸ்க்குகளை இசட்எஃப்எஸ்ஸுக்கு நேரடியாகக் காட்டாது. நான் அதை எடுத்துவிட்டு டிஸ்க்குகளை அப்படியே காட்டும் சாதாரண ஹெச்பிஏ கார்டு போட்டேன்.

போன வருஷம் மாதாந்திர ஸ்கிரப்பில் (எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஓட்டம்) ஒரு டிஸ்க்குக்கு நேரே செக்சம் பிழை (படித்தது எழுதியதோடு பொருந்தாமை) 14 என்று காட்டியது. டிஸ்க் போய்விட்டதென்றே நினைத்தேன். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையிலோ ஒரு குறையும் இல்லை. டிஸ்க்குகள் சொருகும் பலகையான பேக்பிளேனுக்குப் போகும் எஸ்ஏஎஸ் கேபிள் லேசாகத் தளர்ந்திருந்தது. அழுத்தி மாட்டிவிட்டு மறுபடி ஸ்கிரப் ஓட்டினேன், சுத்தம். அந்தக் கோப்புகளில் பழைய குடும்பப் படங்களும் உண்டு. சாதாரண டிஸ்க்கில் வைத்திருந்தால் அவை கெட்டது படத்தைத் திறக்கும் நாளில்தான் தெரிந்திருக்கும்.

ரவுட்டர்களில் ஒன்று மாடியில் அக்சஸ் பாயிண்ட். டிஹெச்சிபியை (ஐபி முகவரிகளைத் தானாக வழங்கும் வசதி) நிறுத்தி, வேறு ஐபி கொடுத்து, கேபிளை இணைய இணைப்புக்கான வான் போர்ட்டில் சொருகாமல் வீட்டு நெட்வொர்க்குக்கான லான் போர்ட்டில் சொருக வேண்டும், அவ்வளவுதான். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறமூல மென்பொருள்) போட நினைப்பவர்கள் முதலில் ஃபிளாஷ் (மென்பொருள் தங்கும் சேமிப்பு) அளவைப் பாருங்கள். 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராம் உள்ளவற்றில் இப்போதைய பதிப்பு ஏறாது. இன்னொரு ரவுட்டர் உதிரியாக மேசைக்குள் இருக்கிறது, அவசரத்துக்கு இருமுறை உதவியது.

சுவிட்சில் விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகள்) பிரித்து கேமராக்களைத் தனியே ஒதுக்கிவிட்டேன். அவற்றுக்கு இணையம் கிடையாது, பதிவு மட்டும் மினி பிசிக்குப் போகும். சுவிட்சின் ஃபேன் இரைச்சல்தான் இப்போது மிச்சமிருக்கும் குறை. அடுத்த விடுமுறையில் அந்த ஃபேனை மாற்ற வேண்டும்.