பாய்க் கயாக்குக்கு எந்த பேட்டரி: ஏஜிஎம்மா, லித்தியமா?

பாய்மரம் கட்டிய சிறு படகான கயாக்குக்கு 12 வோல்ட் ட்ரோலிங் மோட்டார் (படகைத் தள்ளும் சிறு மின்மோட்டார்), 50 வாட் சோலார் பேனல் முடிவானபின் குழப்பம் பேட்டரியில்தான். ஏஜிஎம் என்பது மூடிய ஈய-அமில பேட்டரி. இரண்டும் 50 ஆம்பியர்-மணி என்றே கொள்வோம்.

எடை: ஏஜிஎம் சுமார் 15 கிலோ, லித்தியம் இரும்பு பாஸ்பேட் 6. பின்னால் வைத்தால் முன்முனை தூக்கிக்கொள்ளும். எதுவானாலும் நடுவில், அடித்தளத்தோடு வாரால் கட்டுங்கள்.

ஓட்டம் (10 ஆம்பியரில்): ஏஜிஎம்மில் பாதி சார்ஜைத்தான் எடுக்கலாம், இரண்டரை மணிக்கும் குறைவு. லித்தியம் நான்கு மணி.

சார்ஜ்: நல்ல வெயிலில் பேனல் தருவது சுமார் 2.5 ஆம்பியர், பாயின் நிழல் ஓரத்தில் விழுந்தாலே வெகுவாகக் குறையும். அப்படி அரைகுறை சார்ஜில் கிடந்தால் ஏஜிஎம் சல்பேட் படிந்து கெடும். லித்தியத்துக்கு அது பிரச்சினையில்லை, ஆனால் பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் லித்தியத்துக்கான அமைப்பு வேண்டும்.

விலை: ஏஜிஎம் மலிவு.

கரையை விட்டு வெளியேற மட்டும் மோட்டார் என்றால் ஏஜிஎம் போதும். காற்று ஓய்ந்தபின் நெடுந்தூரம் திரும்ப வேண்டுமானால் லித்தியம்தான். இரண்டிலும் பாசிட்டிவ் முனையருகே ஃப்யூஸ் கட்டாயம்.