லீக் பாஸ்: அணி மாறித் திரியும் ஆட்டக்காரனைப் பார்க்க எதை எடுப்பது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் ஆட்டங்களை இணையத்தில் பார்க்க எடுக்கும் சந்தாதான் லீக் பாஸ். நட்சத்திர ஆட்டக்காரரை மட்டும் பார்க்கிறவருக்கு அது தேவையில்லை. அவர்கள் போட்ட கூடைகள் அன்றே யூடியூப்பில் கிடக்கும். இந்தச் சந்தாவுக்குக் காசு கட்ட நியாயம் உண்டென்றால், பெட்டியும் கையுமாக அணிக்கு அணி திரிகிறவர்களுக்காகத்தான்.

இஷ் ஸ்மித்தை எடுங்கள். அணிகள் புதியவர்களை எடுக்கும் 2010 தெரிவில் எந்த அணியும் கூப்பிடாத பொயின்ற் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர். 13 அணிகளுக்கு ஆடி என்பிஏ சாதனையே வைத்தார். ஆகக் கூட நின்றது டெற்றோயிற்றில், அதுவும் மூன்று பருவம். 13ஆவது அணியான டென்வரோடு 2023இல் சம்பியன் மோதிரமும் வந்தது.

லீக் பாஸில் ஒரு அணியின் ஆட்டங்களை மட்டும் மலிவாக எடுக்கிற வகை ஒன்று இருக்கிறது. இப்படியான ஆட்டக்காரருக்கு அது சரிவராது. பாஸ் அணிக்குத்தான், ஆளுக்கில்லை. ஸ்மித் 2015-16 பருவத்தை நியூ ஓர்லியன்ஸில் தொடங்கினார். நத்தாருக்கு முதல்நாள் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றிவிட்டார்கள். எல்லா அணியும் உள்ளதை எடுங்கள், மாதக் கணக்கில் எடுங்கள். தோதான காலம் ஜனவரி 5க்குப் பிறகு. 10 நாள் ஒப்பந்தங்கள் அன்றிலிருந்துதான் தொடங்கும். ஒரு பருவத்தில் ஒரே அணி ஒருவருக்கு அதை இரண்டு தரம்தான் கொடுக்கலாம். பிறகும் வேண்டுமென்றால் பருவம் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். பெப்ரவரியில் கைமாற்றக் கெடுவும் வரும். ஆட்கள் இடம் மாறுகிற காலம் இதுதான்.

10 நிமிடச் சுருக்கத்தை நம்ப வேண்டாம். அதில் கூடை விழுந்ததுதான் இருக்கும். மாற்று ஆட்டக்காரன் மறித்ததும் பந்தை ஒழுங்காகக் கொண்டுவந்ததும் வெட்டுப்பட்டுவிடும். முதலில் புள்ளி அட்டையைத் திறந்து பாருங்கள். ஆளின் பெயருக்கு நேரே ‘டிஎன்பி’ என்று கிடந்தால் அவர் இறங்கவேயில்லை, டேட்டா மிச்சம். ஆடியிருந்தால் முழு ஆட்டத்தையும் திறந்து, முதல் காற்பகுதியில் மூன்று நான்கு நிமிடம் மிச்சமிருக்கும் இடத்துக்கு ஓட்டுங்கள். இரண்டாம் நிலைக் கார்ட்கள் பெரும்பாலும் அங்கேதான் இறங்கி, இரண்டாவது காற்பகுதியின் நடுமட்டும் நிற்பார்கள். அடுத்தது நான்காவதின் தொடக்கம். இப்படிப் பார்த்தால் இரண்டரை மணித்தியால ஆட்டம் முக்கால் மணித்தியாலத்தில் முடியும். முடிவு தெரியக்கூடாதென்றால் புள்ளிகளை மறைக்கும் வசதியைப் போடுங்கள், ஆனால் அட்டையையும் பார்க்கேலாது. இரண்டில் ஒன்றுதான்.

வன்னியில் நேரமும் மழையும்தான் கணக்கு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7க்குத் தொடங்கும் ஆட்டம், நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை நமக்கு விடிய 5.30, மற்றக் காலத்தில் 4.30. இரவு டேட்டாவைப் புறம்பாகத் தரும் வீட்டு இணைப்பென்றால் இந்த ஆட்டத்தில் ஒரு பகுதியாவது அதற்குள் வந்துவிடும். மேற்குக் கரையில் இரவு 7.30க்குத் தொடங்குவது குளிர்காலத்தில் நமக்குக் காலை 9 மணி. வேலையும் கெடும், பகல் டேட்டாவும் போகும். பருவத்தின் முதல் இரண்டு மாதம் மாரியோடு வருகிறது. மின்னல் நேரம் ரவுட்டரைக் கழற்றி வைக்கிற வீடுகளுக்கு நேரலை சரிவராது. பிரீமியம் வகையில் போனில் தரவிறக்கி வைக்கலாம், கிளிநொச்சி ரவுணுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் காசு தகும்.

கட்டணத்துக்கு வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்துவிடப்பட்ட அட்டை வேண்டும். சந்தா தானாகவே புதுப்பிக்கும். எடுத்த கையோடு அதை நிற்பாட்டி வையுங்கள். யார் எங்கே போனார் என்பதை என்பிஏ தளத்தின் ஆட்டக்காரர் மாற்றப் பட்டியலில் இலவசமாகவே பார்க்கலாம். உங்கள் ஆள் ஐரோப்பாவுக்கோ சீனாவுக்கோ ஆடப் போய்விட்டால் இந்தப் பாஸில் அவரைக் காணேலாது, அடுத்த மாதத்துக்குக் கட்ட வேண்டாம்.