பெருவிரலுக்கு அடியில் ஒரு சுருக்கம்: ஸ்டியரிங் லெதர் கவருடன் 3 வருடங்கள்

நண்பன் ஒருவன் போன வாரம் என் காரை ஓட்டினான். இறங்கும்போது ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "இது நீயே தைச்சதா? என் வண்டிக்கும் ஒண்ணு வாங்கிடவாடா?" என்று கேட்டான். "அவசரப்படாதே, விவரமா எழுதி அனுப்புறேன்" என்றேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அறுந்துபோன தையலைப் பிரித்து மறுபடி கோத்திருந்தேன். நூலை இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் விழுந்த கோடு இன்னும் ஆறவில்லை. அந்த எரிச்சலும் இதில் கலந்திருக்கும், ஆனாலும் நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

என் காருக்கு 14 வயது. கம்பெனியிலிருந்து வந்த ஸ்டியரிங்கில் தோல் கிடையாது, வெறும் பாலியூரித்தேன் வளையம், ஒருவகை மெத்தென்ற பிளாஸ்டிக். பத்து வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மேல்பாதி பிசுபிசுக்க ஆரம்பித்தது. அழுக்கு என்று நினைத்துச் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். நான்கைந்து நாள் நன்றாக இருக்கும், மறுபடி ஒட்டும். அது அழுக்கே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்லச் சிதையும். கை வியர்வையும் கிரீமும் மேல்பரப்பைக் கெடுக்கும், முன்கண்ணாடி வழியாக வரும் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எவ்வளவு துடைத்தாலும் அடியில் இருப்பது மேலே வந்துகொண்டேதான் இருக்கும். மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் வாங்கியது சும்மா மாட்டிக்கொள்ளும் வகை, உள்ளே ரப்பர் வளையம் வைத்தது. இரண்டே நிமிடத்தில் மாட்டிவிட்டேன். இரண்டாவது மாதம், குறுகிய இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் கவர் மட்டும் நான்கு விரல் அளவு சுழன்றது, வளையம் அப்படியே நின்றது. அன்றைக்கே கழற்றிப் போட்டுவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது: வளையத்தின் மேல் துளி நழுவுகிற கவர் காரில் இருக்கவே கூடாது. கை திரும்பியிருக்கும், சக்கரம் திரும்பியிருக்காது. போதாததற்கு அந்த ரப்பர் பிடியைத் தடிமனாக்கி, அரை மணி நேரம் ஓட்டினாலே உள்ளங்கையை வலிக்க வைத்தது.

அதனால்தான் தைத்துப் போடும் லெதர் கவருக்கு வந்தேன். நிஜத் தோல்தான், விளிம்பை உற்றுப் பார்த்தால் நார் நாராகத் தெரியும். தோல் தூளைப் பசையில் ஒட்டிச் செய்கிற 'பாண்டட் லெதர்' என்றால் அந்த நார்கள் இருக்காது, அடியில் துணி ஒட்டியிருக்கும். வளையமாக மூட்டிய தோல் பட்டை ஒன்று, அதன் இரண்டு விளிம்பிலும் வரிசையாக நூல் கண்ணிகள், மெழுகு பூசிய நூல் ஒரு சுருள், இரண்டு ஊசி, இவ்வளவுதான் பெட்டிக்குள். ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை, நடுவில் ஏர்பேக் இருக்கும் பகுதியைத் தொடவே வேண்டியதில்லை. இது நல்ல விஷயம். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கை வீட்டில் கழற்றக் கூடாது.

தைத்த அந்த மதியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பழைய வளையத்தில் பிசுபிசுப்பு போகத் துடைத்துக் காயவிட்டேன். கவரை ஹேர் டிரையரில் சூடு காட்டினேன். விறைப்பாக இருந்த தோல் கைக்குள் துவண்டது. மூட்டு ஆறு மணி முள்ளின் இடத்துக்கு வரும்படி வைத்து, மேலேயிருந்து இழுத்து மாட்டினேன். கவரின் வட்டம் எப்போதும் ஸ்டியரிங்கின் வட்டத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கும், இழுத்தால்தான் ஏறும். வளையத்தை நடுப்பகுதியோடு இணைக்கும் ஸ்போக் வரும் இடங்களில் டபுள் சைடு டேப். பிறகு ஊசி. இந்தப் பக்கக் கண்ணி ஒன்று, அந்தப் பக்கக் கண்ணி ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்து, ஏழெட்டு தையலுக்கு ஒருமுறை நூலை இறுக்க வேண்டும். தோலில் துளை போடுவதே இல்லை, கண்ணிகளுக்கு அடியில்தான் ஊசி போகிறது. எங்கோ ஒரு கண்ணியைத் தவறவிட்டிருக்கிறேன். சுற்றி வந்து முடிக்கும்போது ஒரு பக்கம் ஒரு கண்ணி மிச்சம். கால்வாசியைப் பிரித்து மறுபடி தைத்தேன். மொத்தம் நான்கரை மணி நேரம்.

முடித்துவிட்டுக் கை வைத்தபோது வந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தோன்றுகிறது. பழைய காருக்குள் புதிதாக ஒரு இடம் கிடைத்த மாதிரி இருந்தது. தோலின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், அதனால் பிடி பருக்கவில்லை, நிறைவாக இருந்தது. மூன்று வருடத்தில் தோல் உரியவில்லை, வெடிக்கவில்லை, ஒட்டவில்லை. வியர்த்த கையோடு பிடித்தாலும் வழுக்காது. குளிரான காலையில் தொட்டவுடன் சில்லென்றிருக்கும், கொஞ்ச நேரத்தில் கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். கறுப்பு நிறம் மேலே மட்டும் இலேசாக வெளுத்திருக்கிறது. அதுவும் முதல் வருடத்தில் வந்தது. அதன்பின் வண்டியை நிறுத்தும்போது ஒரு வெள்ளைத் துணியை மேல்பாதியில் போட்டுவிடுகிறேன், வெளுப்பு அதோடு நின்றது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஈரத் துணியில் துடைப்பேன், சில மாதத்துக்கு ஒருமுறை லெதர் கண்டிஷனர் கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தை ஒற்றி எடுப்பேன். டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கோன் பாலிஷை மட்டும் ஸ்டியரிங்கில் போடாதீர்கள், பளபளக்கும், ஆனால் கை வழுக்கும். சானிடைசர் போட்டால் கை காய்ந்த பிறகே பிடிக்கவும். அந்த ஆல்கஹால் தோலின் மேல் பூச்சை அரிக்கும்.

இனி அந்தச் சுருக்கம்.

வலது பக்கம், ஸ்போக்குக்கு ஒரு அங்குலம் மேலே, சரியாக என் பெருவிரல் படியும் இடத்தில் தோல் ஒரு மடிப்பாக எழும்பி நிற்கிறது. நெல்மணி அளவுதான். பார்த்தால் தெரியாது. ஆனால் இடது கை கியருக்குப் போய்வந்தாலும் வலது கை அங்கேயேதான் இருக்கிறது, பெருவிரல் அதன் மேலேயேதான் இருக்கிறது. அழுத்தினால் படுக்கும், விட்டால் எழும். மூன்று வருடமாக ஒவ்வொரு சிக்னலிலும் என் விரல் அதை அழுத்திக்கொண்டிருக்கிறது. நீண்ட பயணத்தில் பாட்டு, பேச்சு எல்லாம் ஓய்ந்த பிறகு காருக்குள் எனக்கும் அந்தச் சுருக்கத்துக்கும்தான் பேச்சு.

ஏன் வந்தது என்று அளந்து பார்த்தபோதுதான் கோபமே வந்தது. என் ஸ்டியரிங்கின் வெளிவிட்டம் 38 செ.மீ., கவர் மீதும் 38 என்றுதான் போட்டிருந்தது. அது பொருந்தியது. ஆனால் வளையத்தின் தடிமன்? அதை விற்றவர் எங்கும் சொல்லவில்லை, கேட்டபோதும் "எல்லாத்துக்கும் சேரும்" என்ற பதில்தான். பழைய கார்களின் பிடி பொதுவாக ஒல்லியானது. என்னுடையது 28 மில்லிமீட்டர், அதாவது பிடியைச் சுற்றி 88 மில்லிமீட்டர். அந்தக் கவர் 30 மில்லிமீட்டர் பிடிக்கு வெட்டியது, சுற்றளவு 94. தடிமனில் வெறும் 2 மில்லிமீட்டர் வித்தியாசம், தோலிலோ 6 மில்லிமீட்டர் உபரி. தையல் எவ்வளவு இறுகினாலும் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தொட்டவுடன் நின்றுவிடும், அந்த 6 மில்லிமீட்டர் உள்ளேயே தங்கிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. வளையத்தின் வெளி ஓரத்தைச் சுற்றி அளந்தால் ஏறத்தாழ 119 செ.மீ., உள் ஓரத்தில் 101 செ.மீ. ஒரே பட்டை இரண்டையும் மூட வேண்டும். வெளியே இழுபட்டு, உள்ளே ஒடுங்கி, அந்த 18 செ.மீ. வித்தியாசத்தைத் தோல்தான் சுமக்கிறது. நல்ல தோல் சுமக்கும். ரெக்ஸின் சுமக்காது, அதனால்தான் ரெக்ஸினில் உள்பக்கம் முழுக்கச் சுருங்கும். என் தோல் அந்த வேலையை அருமையாகவே செய்திருக்கிறது. தப்பு தோலின் மேல் இல்லை. அட்டைப்பெட்டியில் இன்னொரு எண்ணை அச்சடிக்காதவர்கள் மேல்தான். அளவு டேப்பை ஒரு நிமிடம் வைத்தால் தெரிகிற எண்!

போன வாரம் நூல் அறுந்ததும் அந்தப் பகுதிக்குப் பக்கத்தில்தான். விரல் நுனிகள் நாள் முழுக்க உரசும் இடம் அது, நூல் தேய்ந்துபோயிருந்தது. இரண்டு மூன்று தையல் விட்டவுடன் மடிப்பு இன்னும் எழும்பியது. சரி, பிரிப்பதுதான் பிரிக்கிறோம், இந்தத் தடவை இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று, வலது பாதியைத் திறந்து வளையத்தின் மேல் துணி டேப்பை நெருக்கமாகச் சுற்றினேன். கண்ணி வைத்த விளிம்பை வெட்டிச் சின்னதாக்க முடியாது, உள்ளே இருப்பதைத்தான் பெரிதாக்க முடியும். மூன்று சுற்று போட்டதும் கவர் கிண்ணென்று உட்கார்ந்தது. புது நூல், முடிச்சில் ஒரு சொட்டுப் பசை. பெருவிரலை வைத்தேன். மழமழவென்று இருந்தது. அன்று இரவு வெறுமனே காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தேன்.

மறுநாள் காலை பார்த்தால் மடிப்பு கீழே இறங்கியிருக்கிறது. ஸ்போக்குக்கு அடியில், டேப் முடியும் இடத்தில் இப்போது நிற்கிறது. ஓட்டும்போது கை அங்கே போவதில்லை. ஆனாலும் நிறுத்தி இறங்குவதற்கு முன் விரல் தானாகப் போய் அதைத் தேடிப்பிடிக்கிறது.

ஆக, நண்பா, உன் கேள்விக்கு வருகிறேன். தோல் நன்றாக இருக்கிறது, பிடி நன்றாக இருக்கிறது, மூன்று வருடம் உழைத்திருக்கிறது. நீ இதை வாங்காதே. உன் வண்டி என்னுடையதைவிடப் பழசு, பிடி இன்னும் ஒல்லி, சுருக்கம் ஒன்றோடு நிற்காது. சீட் தைக்கிறவர்களில் ஸ்டியரிங்கும் தைக்கிறவர் யாராவது இருப்பார். அவர் வளையத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன் மேல் காகித டேப் ஒட்டி, மூட்டு எங்கே வர வேண்டுமோ அங்கே கோடு போட்டு அறுத்து எடுப்பார். அந்த ஓடுதான் உன் ஸ்டியரிங்கின் சரியான அளவு. அதைப் பார்த்துத் தோலை வெட்டினால் உபரியே இருக்காது. ரெடிமேடாகத்தான் வேண்டும் என்று நீ நின்றால், விட்டம் மட்டும் சொல்கிற ஆளிடம் வாங்காதே, பிடியின் சுற்றளவைக் கேள், மில்லிமீட்டரில்.

என்னுடையதைக் கழற்றச் சொல்லி யாராவது கேட்டால் மனசு வராது. நான்கரை மணி நேரம் ஒவ்வொரு கண்ணியாக என் கையால் கோத்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வா, உன் ஸ்டியரிங்கில் டேப் வைத்து அளந்துவிடலாம். அதுவரை எதையும் ஆர்டர் போட்டுவிடாதே.