புஷ்கரம்: நீரே மூலவரான தலம்

ஆழ்வார்கள் பாடிய திருமால் தலங்களான திவ்ய தேசங்களுள் வட இந்தியாவில் உள்ளவற்றுக்கு யாத்திரை அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களின் நிரலில் அயோத்தி, மதுரா, நைமிசாரண்யம், பத்ரி ஆகியவை தவறாமல் இருக்கும். இராஜஸ்தானில் அஜ்மீரை அடுத்துள்ள புஷ்கரம் பெரும்பாலும் இராது. ஆழ்வார் பாசுரம் பெறாத தலம் என்பதால் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் அதற்கு இடமில்லை. ஆயினும் திருவரங்கம், திருமலை, ஸ்ரீமுஷ்ணம், வானமாமலை முதலியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் எட்டு ஸ்வயம்வியக்த க்ஷேத்திரங்களுள், அதாவது பெருமாள் தாமாகவே தோன்றிய தலங்களுள், அதுவும் ஒன்று. அங்கே பெருமாள் தீர்த்த வடிவில், ஏரி நீராகவே எழுந்தருளியிருக்கிறார் என்பது வைணவ மரபு. ஆகையால் இத்தலத்தின் நிறைகுறைகளைக் கோயிலில் தேடாமல் படித்துறையில்தான் தேட வேண்டும்.

அஜ்மீர் இரயில் நிலையத்திலிருந்து நாக் பஹாட் என்னும் குன்றைக் கடந்து அரை மணி நேரப் பயணத்தில் ஊரை அடையலாம். பேருந்தும் ஆட்டோவும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஏரியைச் சுற்றி 52 படித்துறைகள் உள்ளன. செருப்பைக் கரைக்கு வெகு முன்னரே கழற்றிவிட வேண்டும், நீராடுவோரைப் படம் எடுக்கக் கூடாது என்ற இரு விதிகளையும் ஊரார் கண்டிப்பாகக் காக்கின்றனர். கைப்பேசியை உயர்த்திய ஓர் இளைஞரைக் கடைக்காரர், பூ விற்கும் மூதாட்டி, குளித்துக்கொண்டிருந்தவர் என மூவரும் ஒரே குரலில் அதட்டியதைக் கண்டபோது, நம்மூர்த் தெப்பக்குளங்களுக்கும் இத்தகைய காவலர்கள் வாய்த்திருக்கலாகாதா என்று தோன்றியது.

நீரின் நிலையைப் பற்றி ஒளிவின்றிச் சொல்வது நல்லது. இது ஆறன்று, மழையை நம்பி நிற்கும் பாலை விளிம்பின் ஏரி. 2009-ஆம் ஆண்டு தூர்வாரும் பணியின்போது முற்றிலும் வறண்டுபோய், கார்த்திகைப் பௌர்ணமி நீராடலுக்குத் தொட்டிகளில் நிலத்தடி நீரை நிரப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் சென்றபோது தண்ணீர் போதிய அளவு இருந்தது. ஆனால் பச்சை படர்ந்து, கரையோரங்களில் மலரும் பொரியும் ஊறிக் கிடந்தன. விடியற்காலையில், கூட்டம் சேருமுன், வராக கட்டம் என்னும் படித்துறையின் பக்கம் முழுகி எழுவது மனத்திற்கு நிறைவாகவே இருந்தது. தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் புரோட்சணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சாத்திரத்தில் அதற்கு இடமுண்டு. பெண்கள் உடை மாற்றுவதற்கான வசதி அந்தப் படித்துறையில் போதவில்லை என்பது பெருங்குறை.

இனி, பலரையும் முகம் சுளிக்க வைக்கும் செய்தி. கரையில் கால் வைத்ததுமே யாரேனும் ஒருவர் கையில் பூவைத் திணித்து, சங்கல்பத்தைத் தொடங்கி, தாய் தந்தை பெயரைச் சொல்லவைத்து, அதே மூச்சில் அன்னதானத்திற்கென்று ஒரு பெருந்தொகையைக் கொடுப்பதாகவும் நம் வாயாலேயே சொல்லவைத்துவிடுவார். நீரின் முன் கொடுத்த வாக்கை மீறலாமா என்ற அச்சமே இந்த வாணிபத்தின் மூலதனம். முடிவில் மணிக்கட்டில் கட்டப்படும் சிவப்புக் கயிற்றை அயல்நாட்டுப் பயணிகள் ‘புஷ்கர் பாஸ்போர்ட்’ என்று கேலியாக அழைக்கின்றனர். கயிறு கட்டிக்கொண்டவரை அதன்பின் எவரும் மறிப்பதில்லை என்பதால் அப்பெயர் பொருந்தவே செய்கிறது. இதற்காகப் பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் அனைவரையும் பழிப்பது முறையாகாது. தங்கும் விடுதியில் விசாரித்து, தட்சிணையை முன்கூட்டியே பேசி அமர்த்திய பெரியவர் ஒருவர் எங்கள் தர்ப்பணத்தை அவசரமின்றி, மந்திரம் சிதையாமல் செய்துவைத்தார். பேசியதற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

பிரம்மா கோயிலைப் பார்க்க வேண்டியதுதான். செந்நிற விமானமும், வாயிலில் அன்னமும், தரையில் பதித்த வெள்ளி நாணயங்களும் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் உலகிலேயே பிரம்மாவுக்கு உள்ள ஒரே கோயில் என்று வழிகாட்டிகள் சொல்வதை நம்ப வேண்டா: கும்பகோணத்தில் பிரம்மாவுக்குக் கோயில் உண்டு, இராஜஸ்தானிலேயே அசோத்ராவிலும் உண்டு. என்னைப் பொறுத்தவரை அதைவிட வியப்பளித்தவை இராமானுஜ சம்பிரதாயத்தைச் சேர்ந்த திருமாலுக்குரிய இரு ரங்கஜி கோயில்கள். பழையதை ஹைதராபாத்தைச் சேர்ந்த வணிகர் சேட் பூரண்மல் 1823-இல் கட்டுவித்தார். மார்வாடி வீடுகளுக்கும் ஒட்டகங்களுக்கும் நடுவே தென்னாட்டுக் கோபுரம் நிமிர்ந்து நிற்பதையும், சுவரில் திருமண் காப்பையும் காணும்போது, பாசுரம் இல்லாவிட்டாலும் நம் மரபு இங்கு வந்து சேர்ந்திருக்கிறதே என்று மகிழ்ச்சி உண்டாயிற்று. சாவித்திரி தேவியின் கோயில் உள்ள மலைக்குக் கயிற்று ஊர்தி இருப்பதால் முதியோரும் ஏறலாம்.

ஊர் முழுவதும் சைவ உணவுதான். முட்டையும் மதுவும்கூட விலக்கு. நெய்யில் பொரித்துப் பாகில் ஊறவைத்த மால்புவா இரண்டுக்கு மேல் திகட்டும். உள்ளூர் ரோஜாவில் செய்த குல்கந்து தரமானது. வடநாட்டுக் கார்த்திகை மாத (அக்டோபர்–நவம்பர்) ஒட்டகச் சந்தை நாட்களில் அறை வாடகை பன்மடங்காகிப் படித்துறையில் நிற்கவும் இடமிராது என்பதால், தீர்த்தமாடுவதற்கென்றே செல்வோர் சந்தை முடிந்தபின், டிசம்பரிலோ பிப்ரவரியிலோ சென்று, ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்புவது உத்தமம். அஜ்மீரிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புவோருக்கு அந்த விடியல் நீராட்டம் வாய்க்காது.